மாஸ்க் அப்புறம், முதலில் மணலை மாற்றுங்கள்

கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் 'ஐ.டி.' என்று இருந்தது. முப்பதைத் தாண்டியவர். வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எடையும் குறைந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் மேல்பகுதியில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். அதைக் காசநோய் என்று முடிவு செய்து வேறோர் இடத்தில் ஆறு மாதம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். சளியில் கிருமி ஒருமுறைகூடத் தென்படவில்லை. "லீவு நாளில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பழைய பைக்குகளை வாங்கிப் புதுப்பிக்கிறார். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட், கம்ப்ரசர், துருவையும் பழைய பெயின்டையும் எடுக்கக் காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சியடிக்கும் பிளாஸ்டிங் கன், சலித்த ஆற்று மணல். சில வருடங்களாகச் சனி, ஞாயிறு முழுக்க அதுதான் வேலை.

சிலிகோசிஸ். மணலிலும் கல்லிலும் இருக்கும் சிலிகா என்ற படிகத்தின் தூள் நுரையீரலில் தங்கித் தழும்பாக்கும் நோய். கல் குவாரிக்காரர்களிடமும் பவுண்டரிக்காரர்களிடமும் நாங்கள் பார்க்கிற நோய். நுரையீரலில் விழுந்த தழும்பை எடுக்க என்னிடம் மருந்து இல்லை. மணலை விட்ட பிறகும் அது வளரலாம். காசநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. இதையெல்லாம் அவர் மனைவியை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது.

"கர்ச்சீப் கட்டிக்கிட்டுத்தான் சார் அடிச்சேன். முடிச்சதும் வெல்லம் சாப்பிட்டுடுவேன்" என்றார். படித்தவர் படிக்காதவர் என்றில்லாமல் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். தயவு செய்து கேளுங்கள். வெல்லமோ வாழைப்பழமோ மோரோ போவது உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்கு. தூசி போனது மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்கு. வெல்லம் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. தொண்டையில் ஒட்டிய கரகரப்பு இறங்குவதால் சுத்தமாகிவிட்டது போலத் தோன்றுகிறது. தொண்டையில் நின்றது பெரிய துகள். அதை நீங்களே காறித் துப்பிவிடுவீர்கள். ஆளைச் சாய்ப்பது 10 மைக்ரானுக்கும் குறைவானது. தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ச்சீப்பின் இழைகளுக்கு நடுவே அது தாராளமாகப் புகும். துண்டை நனைத்துக் கட்டினாலும் இதே கதைதான். கண்ணுக்குத் தெரிந்த புழுதி அடங்கியதும் மாஸ்க்கைக் கழற்றுகிறீர்களே, அப்போது ஷெட்டில் மிதந்துகொண்டிருப்பது இந்தத் தூள்தான்.

அமெரிக்காவில் வேலையிடங்களுக்கு வைத்திருக்கும் எல்லை, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிகா. கணக்குப் போட்டால், ஒரே ஒரு கிராம் தூள் 20,000 கன மீட்டர் காற்றை, அதாவது பத்தடி நீள அகல உயரமுள்ள எழுநூறு அறைகளின் காற்றை, அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். நீங்கள் ஒரு மதியத்தில் மூட்டை மூட்டையாக மணலை உடைத்துத் தூளாக்குகிறீர்கள்.

இது நேற்று தெரிந்த சங்கதியும் இல்லை. பிரிட்டன் 1949-ஆம் ஆண்டு விதிகளிலேயே வார்ப்புகளை மணலால் அடிப்பதற்குத் தடை போட்டது. 1974-இல் அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் 1 சதவீதத்துக்கு மேல் படிகச் சிலிகா உள்ள எதையும் பிளாஸ்டிங்குக்குப் பயன்படுத்தாதீர்கள் என்றது. ஜீன்ஸ் துணியை மங்க வைக்க மணல் அடித்த இளைஞர்கள் வரிசையாக மூச்சுத் திணறி விழுந்த பிறகு துருக்கி 2009-இல் அதை நிறுத்தியது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சிலிகோசிஸ் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. ஆனால் உங்கள் கொல்லைப்புற ஷெட்டுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை.

ஆகவே ஆற்று மணல் வேண்டாம், எம்-சாண்டும் வேண்டாம். துருப்பிடித்த கேட், சேசிஸ் என்றால் கார்னெட் என்ற கனிமத் துகள் அல்லது அலுமினியம் ஆக்சைடு. கார்புரேட்டர், இன்ஜின் கேஸ் போன்ற அலுமினியப் பாகங்களுக்குக் கிளாஸ் பீட் என்ற பொடிக் கண்ணாடி மணிகள். கண்ணாடியும் மணலிலிருந்து வருவதுதானே என்று கேட்பார்கள். உருக்கிய கண்ணாடியில் சிலிகா படிக வடிவில் இருக்காது, தழும்பை உண்டாக்குவது அந்தப் படிகம். மெல்லிய பெட்ரோல் டேங்க்குக்குச் சமையல் சோடாத் தூள் போதும். வாங்கும்போது கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். பொருளில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள், படிகச் சிலிகா 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். செம்பை உருக்கும்போது மிஞ்சும் கசடான, மலிவாகக் கிடைக்கும் கறுப்பு காப்பர் ஸ்லாக்கில் படிகச் சிலிகா குறைவுதான், ஆனால் ஆர்செனிக், ஈயம், பெரிலியம் கலந்திருக்கலாம். வீட்டில் அது வேண்டாம்.

பழைய பெயின்ட் விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறேன். வீடுகளுக்கு அடிக்கும் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017-இல்தான். அதற்கு முன் அடித்த கேட்டிலும் கிரில்லிலும் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிளாஸ்டிங் செய்து தூளாக்கி, குழந்தை தவழும் வாசலில் பரப்பாதீர்கள்.

இனி மாஸ்க். திறந்த வெளியில் அடிப்பதென்றால் வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் பிளாஸ்டிங் ஹெல்மெட் ஒன்றுதான் சரி. அது இல்லையென்றால் வேலையைப் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். ஷெட்டிலுள்ள ஆயில் கம்ப்ரசரிலிருந்தே ஹோஸ் இழுத்து முகத்தில் மாட்டாதீர்கள், எண்ணெய்ப் புகையும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும். தூசியை உறிஞ்சி வடிகட்டும் அமைப்புள்ள மூடிய கேபினெட்டில் சின்னப் பாகங்களைச் செய்யலாம். அப்போதும் மிக நுண்ணிய தூளையும் வடிகட்டும் பி-100 ஃபில்டர் மாட்டிய ரப்பர் மாஸ்க் போடுங்கள். தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் முகத்தில் சரியாக ஒட்டாது, மழித்துவிடுங்கள். அடித்து முடித்த கையோடு கேபினெட் கதவைத் திறக்காதீர்கள். பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். சட்டையில் ஒட்டியதை ஏர் கன்னால் ஊதவே ஊதாதீர்கள். அந்தத் துணியைத் தனியாக நனைத்துத் துவையுங்கள்.

ஏற்கெனவே மணலில் அடித்தவர்கள், இருமல் இல்லாவிட்டாலும் ஒரு எக்ஸ்ரேயும் மூச்சுத் திறன் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சிகரெட் பிடித்தால் நிறுத்துங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், என்ன மணல், எத்தனை வருடம், மூடிய ஷெட்டா திறந்த இடமா என்பதை நீங்களாகவே சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.