வணிக இழப்பு அன்று, கணக்கில் சேரா மின்சாரம்

நைஜீரியா, டெல்லி என்று தனியார் கைக்குப் போன மின் விநியோகத்தைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் ‘மொத்தத் தொழில்நுட்ப மற்றும் வணிக இழப்பு’ என்ற தொடர் வந்துவிடுகிறது. ஏ.டி. அண்டு சி. லாஸ் (அக்ரிகேட் டெக்னிக்கல் அண்டு கமர்ஷியல் லாஸ்) என்பதன் பெயர்ப்பாம் இது. விநியோகத்துக்கு வந்த மின்சாரத்தில் காசாகாமல் போன பங்கு என்று பொருள்.

கமர்ஷியல் என்பதன் வேர் லத்தீன் ‘மெர்க்ஸ்’, அதாவது சரக்கு. மின்துறையில் மீட்டர், பில், வசூல் ஆகிய வேலைகளைச் சேர்த்துச் சொல்லும் பெயர் அது. அந்த வேலைகளில் நழுவுவதே கமர்ஷியல் லாஸ்.

இதை ‘வணிக இழப்பு’ என்றால் நாகர்கோவிலிலோ தக்கலையிலோ கடை வைத்திருப்பவர் என்ன நினைப்பார்? கரண்டு பில்லில் வீட்டு இணைப்பு உண்டு, வணிக இணைப்பு உண்டு. கடைகளால் வந்த இழப்பு என்று நினைப்பார். அல்லது கம்பெனிக்கு வியாபாரத்தில் நட்டம் என்று. இரண்டுமே இல்லை. கொக்கி போட்டு எடுத்தது, ஓடாத மீட்டர், ரீடிங் எடுக்காமல் விட்ட வீடு, மீட்டர் ரீடிங்கைப் பெருக்க வேண்டிய எண் தவறிய தொழிற்சாலை பில், இவைதான் அது. கணக்கில் சேரா மின்சாரம் என்று சொன்னால் யாருக்கும் விளங்கும்.

மொத்த இழப்பைக் கணக்கிடுவது இப்படி: 100 யூனிட் உள்ளே வந்து 80-க்குப் பில் போட்டு, பில் தொகையில் 90% வசூலானால், 0.8 × 0.9 = 0.72. இழப்பு 28%. இதில் கட்டண விகிதம் எங்கும் வரவில்லை. ஆனால் வணிக நட்டம் என்று படித்தவர் கட்டணத்தை ஏற்றினால் தீரும் என்று நம்பிவிடுகிறார். மீட்டர் இல்லாத ஊரில் கட்டணத்தை ஏற்றினால் கொக்கியும் பாக்கியும்தான் கூடும். சொல் பிழைத்தால் வைத்தியமும் பிழைக்கிறது என்பதால்தான் இத்தனை வாதாட வேண்டியிருக்கிறது.

2013 நவம்பரில் நைஜீரியா தன் விநியோக நிறுவனங்களைத் தனியாரிடம் ஒப்படைத்தது. இழப்பை எவ்வளவு குறைப்போம் என்ற உறுதிமொழியை வைத்தே ஏலம் நடந்தது. தொடக்க இழப்புக் கணக்கே சரியில்லை. மீட்டர் இல்லாத வீடுகளுக்கு உத்தேசமாகப் பில் போனது. மக்கள் கட்ட மறுத்தார்கள். அங்கே வசூல் இழப்பைத் தனிச்சொல்லாகவே எழுதுகிறார்கள். நாமும் ‘வசூலாகா மின்சாரம்’ என்று பிரித்து எழுதலாம்.

இந்த இழப்பை ‘மின்கசிவு’ என்று எழுதுவோரும் உண்டு. அது வேண்டாம், தீ விபத்துச் செய்திகள் அந்தச் சொல்லை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன.

‘தொழில்நுட்ப இழப்பு’ம் சரியன்று. தொலைவது தொழில்நுட்பமா? கம்பியும் டிரான்ஸ்பார்மரும் சூடாகி வீணாகும் மின்சாரம் அது. மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் வீணாவது நான்கு மடங்கு. ரப்பர் தோட்டங்களுக்குள் நீளமாகப் போகும் தாழ்வழுத்த லைனின் கடைசி வீட்டில் பல்பு மங்குவதற்கும் கம்பியின் அதே மின்தடைதான் காரணம். லைன்மேன்கள் லைன் லாஸ் என்றே சொல்கிறார்கள். கம்பி இழப்பு என்று எழுதினால் போதும். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து நடுவில் ஒரு ‘மற்றும்’ செருகுவதை மொழிபெயர்ப்பு என்று ஏற்க முடியாது. பில் போடுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ‘வணிக’ வந்தே இருக்காது.