தொப்பி போட்டிருந்தேனே டாக்டர்!

எனக்குக் காலை ஓ.பி. நேரம், அவருக்கு நள்ளிரவு. பொலிவியாவின் உயுனி ஊரிலிருந்து போன் செய்தார், எனக்கு நெடுநாள் பழக்கமான ஒரு நோயாளி. "ரெண்டு கண்லயும் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு டாக்டர். திறக்கவே முடியல, தண்ணியா ஊத்துது." பகலில் எங்கே போனீர்கள் என்று கேட்டேன். சலார் தே உயுனி உப்புவெளிக்கு ஜீப்பில் போய், அதன் நடுவில் நிற்கும் இன்காவாசி பாறைத்தீவில் ஏறியிருக்கிறார். கூலிங் கிளாஸ்? போட்டோவுக்காகக் கழற்றியவர் திரும்பப் போடவில்லை. "ஆனா தொப்பி போட்டிருந்தேனே!"

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த வெள்ளை உப்பு. அதன் நடுவே, பழைய எரிமலை ஒன்றின் உச்சி மட்டும் பழுப்பாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஒரு காலத்தில் இங்கே பெரிய ஏரி இருந்தது. அந்த நாளில் பாசிகள் படிய வைத்த சுண்ணாம்பு, பவளம் போலப் பாறையில் இன்னும் ஒட்டியிருக்கிறது. கற்களுக்கு இடையே ஆளைவிடப் பல மடங்கு உயரமான கள்ளிகள். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளரும் செடி பத்து மீட்டரை எட்டியிருக்கிறது என்றால் அதன் வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உச்சிக்குப் போனால் சுற்றிலும் வெள்ளை. எல்லோரும் அதிக நேரம் நிற்பது அங்கேதான், கண் வெயிலை அதிகம் வாங்குவதும் அங்கேதான்.

தொப்பி மேலிருந்து வரும் வெயிலைத்தான் மறைக்கும். உப்புவெளியில் வெயில் கீழேயிருந்தும் வருகிறது. கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் 15 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும் என்றால், புதுப்பனி 80 சதவீதம் வரை அனுப்பும். வெண்மையான உப்பு இந்த விஷயத்தில் பனியின் பங்காளி. போதாக்குறைக்கு உயரம் வேறு. ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. உயுனியோ 3,650 மீட்டரில் இருக்கிறது. அங்கே போய் வருபவர்களுக்கு மோவாய்க்கு அடியிலும் மூக்குத் துளை ஓரத்திலும் தோல் உரிவது இதனால்தான். சன்ஸ்கிரீன் பூசும்போது அந்த இடங்களை யாரும் நினைப்பதில்லை.

வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தவருக்கு வரும் அதே கோளாறுதான் இவருக்கும். கருவிழியின் மேல்தோல் வெந்துபோகிறது. ஆனால் வலி உடனே வராது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரியும். வெளியில் நின்றபோது ஒன்றுமே தெரியாததால், ஹோட்டல் தலையணையில் ஏதோ பூச்சி என்று அவர் நினைத்திருக்கிறார்.

சரி, என்ன செய்வது? கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட வேண்டும். கசக்கக் கூடாது. இருட்டறை, குளிர்ந்த துணி, கண்ணை ஈரப்படுத்தும் சொட்டு மருந்து, வலி மாத்திரை. பெரும்பாலும் ஓரிரண்டு நாளில் ஆறிவிடும். ஆறாவிட்டாலோ பார்வை மங்கினாலோ நேரில் காட்டியே ஆக வேண்டும். ஒன்றை மட்டும் அவரிடம் அழுத்திச் சொன்னேன்: மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை யாராவது கொடுத்தால் அறைக்கு எடுத்துப்போய்ப் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். வலி போகும், ஆனால் புண் ஆறாது, கருவிழியே கெட்டுவிடலாம்.

கண்ணாடி வாங்கும்போது கறுப்பைப் பார்க்காதீர்கள், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதற்கு அடையாளமாக யூவி 400 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி வெறும் கண்ணைவிட மோசமாகலாம். இருட்டில் கண் பாப்பா விரிந்து கதிரைக் கூடுதலாக உள்ளே விடும். பக்கவாட்டையும் மூடும் வடிவம் நல்லது. மழைக்காலத்தில் உப்பின் மேல் தண்ணீர் நின்று முகம் பார்க்கும் கண்ணாடி போலாகிவிடும். தீவுக்கு ஜீப் போக முடியாத நாட்களும் உண்டு. மேகமூட்டம்தானே என்று அப்போதும் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம்.

உயரத்தில் தலைவலி, குமட்டல் வராமல் இருக்கக் கொடுக்கும் அசிட்டசோலமைட், கண் டாக்டர்களான நாங்கள் கண்ணழுத்த நோய்க்குக் கொடுக்கும் பழைய மாத்திரைதான். விரல் நுனி மதமதக்கும், சோடா சப்பென்று இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

அப்புறம், விழித்திரை அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வாயு நிரப்பியவர்கள். இவர்கள் உயுனி என்ன, சாதாரண மலை ஊருக்கும் விமானத்துக்கும்கூடப் போகக் கூடாது. காற்றழுத்தம் குறையும்போது அந்த வாயு விரியும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். வாயு முழுதும் கரைந்துவிட்டது என்று அறுவை செய்த டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் டிக்கெட் எடுக்க வேண்டும்.