பவர் ஸ்டேஷனுக்கு சோலார் பேனல்: வாட்ஸுக்கு முன்னாடி வோல்டேஜைப் பாருங்க

2023 டிசம்பர்ல மிச்சாங் புயல் வந்து வேளச்சேரி, முடிச்சூர் பக்கமெல்லாம் நாள்கணக்கா கரண்ட் இல்லாம கெடந்துச்சு, அதுக்கப்புறம் எனக்குத் தெரிஞ்ச ரெண்டு மூணு பேர் போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன், அதாவது பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில இருக்குற சாமான், வாங்கிட்டாங்க. எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், 500 வாட் சோலார் இன்புட்னு போட்டிருக்கு, 540 வாட் பேனல் மாட்டினா வெடிச்சிடுமா?

வாட்ஸால ஒண்ணும் ஆகாது. டேங்க்ல எவ்ளோ தண்ணி இருந்தாலும் குழாயைத் திறந்த அளவுக்குத்தானே வரும், அதே மாதிரி பேனல் கரண்டை வாங்கி பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறதுக்குன்னு உள்ள இருக்குற எம்பிபிடி (MPPT) கன்ட்ரோலர் தனக்கு வேணும்ங்கிற கரண்டை மட்டும்தான் இழுக்கும். ஆம்பியர் கொஞ்சம் கூட இருந்தாலும் பெரும்பாலான மாடல்ல இதே கதைதான், ஆனாலும் மேனுவல்ல என்ன லிமிட்னு ஒரு தடவை பாத்துடுங்க.

பெட்டியைக் கொல்றது வோல்டேஜ்தான். இன்புட் 11-லிருந்து 60 வோல்ட்னு போட்டிருந்தா உள்ள இருக்குற மாஸ்ஃபெட், கெபாசிட்டர் மாதிரி பார்ட்ஸ் எல்லாம் அதுக்குத் தகுந்தாப்ல போட்டது, அதைத் தாண்டிட்டா கன்ட்ரோலரால எதையும் தடுக்க முடியாது, செருகின அந்த நொடியே போயிடலாம். அதனால பேனலுக்குப் பின்னாடி ஒட்டியிருக்குற லேபிள்ல வீஓசி-ன்னு (Voc) ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, லோடு எதுவும் இல்லாதப்போ பேனல் தர்ற வோல்டேஜ் அது. சாதாரண 100 வாட் பேனலுக்கு சுமார் 22 வோல்ட் வரும். சீரீஸ்ல (ஒண்ணோட பிளஸை அடுத்ததோட மைனஸ்ல) மாட்டினா வோல்டேஜ் கூடும், பேரலல்ல (பிளஸ் பிளஸோட, மைனஸ் மைனஸோட) மாட்டினா ஆம்பியர் கூடும். மூணு பேனலை சீரீஸ்ல போட்டா 66, அந்த 60 வோல்ட் பெட்டி காலி. ரெண்டு ரெண்டா சீரீஸ்ல கட்டி அந்த ரெண்டு ஜோடியையும் பேரலல்ல சேத்தீங்கன்னா 44 வோல்ட், சுமார் 11 ஆம்பியர், நாலு பேனலும் நிம்மதியா ஓடும்.

நிறைய பேர் கோட்டை விடுறது குளிர்லதான். லேபிள்ல இருக்குற நம்பரெல்லாம் பேனல்ல இருக்குற சோலார் செல் 25 டிகிரியில இருக்கும்போது எடுத்தது, செல் குளிரக் குளிர வோல்டேஜ் ஏறும், டிகிரிக்கு ஏறக்குறைய 0.3 சதவீதம். 540 வாட் பேனல் ஒண்ணோட வீஓசி 49.5, உங்க பெட்டி 50 வரைக்கும் தாங்கும்னா பேப்பர்ல சரியாத்தான் தெரியும், ஆனா ஊட்டியில 10 டிகிரி காலையில அதே பேனல் 51-ஐத் தாண்டிடும். காலையில வெயிலே இல்லையேன்னு நினைக்காதீங்க, வெளிச்சம் குறைஞ்சா அடிவாங்குறது ஆம்பியர்தான், வோல்டேஜ் இளவெயில்லயே முக்கால்வாசிக்கு மேல ஏறி நிக்கும். அதனால லிமிட்டுக்குக் கீழ 15 சதவீதமாவது இடைவெளி விடுங்க.

சென்னை மொட்டைமாடியில கதையே தலைகீழ். மே மாச வெயில்ல செல் 60 டிகிரிக்கு மேல போகும், 100 வாட் பேனல்ல 85 வாட் வந்தாலே நல்லது. பேனலை வெயில்ல விட்டுட்டு பெட்டியை மட்டும் நிழல்ல வைங்க, உள்ள இருக்குற லித்தியம் பேட்டரிக்கு 45 டிகிரிக்கு மேல சார்ஜ் ஏத்துறது ஆகாது.

அப்புறம் கேபிள். சில அடாப்டர் கேபிள்ல பிளஸ் மைனஸ் மாறி வந்துடுது. பெட்டியில செருகுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை டிசி-ல வெச்சு கேபிள் முனையில அளந்து பாருங்க, நம்பருக்கு முன்னாடி மைனஸ் குறி வந்தா முதல்ல ப்ரோபை சரியாத்தான் பிடிச்சிருக்கீங்களான்னு பாருங்க, அது சரின்னா அந்த கேபிளைத் தூக்கி ஓரமா வெச்சிடுங்க.