‘ஆண்மைத் திறன்’ என்று எழுதாதீர்கள்

கயிற்றில் முடிச்சுப் போடுவது, பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது, கத்தியைத் தீட்டுவது, கண்ணைப் பார்த்துப் பேசுவது, கொடுத்த வாக்கைக் காப்பது. முந்தைய தலைமுறை ஆண்கள் பழகியிருந்த இவற்றை இன்றைய இளைஞர்களுக்குச் சொல்லித்தரும் கட்டுரைகள் நிறைய மொழிபெயர்ப்பாகி வருகின்றன. நல்ல காரியம். ஆனால் தலைப்பு எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது: ‘ஒவ்வோர் ஆணுக்கும் தேவையான ஆண்மைத் திறன்கள்’. நண்பரின் மகனுக்குப் பதினான்கு வயது. கைப்பேசியில் இந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு, “மாமா, இது மருந்து விளம்பரமா?” என்று கேட்டான். அவன்மேல் என்ன தவறு?

சொல்லின் பிறப்பு எளிது. உள் + மை உண்மை ஆவதுபோல, கேள் + மை கேண்மை ஆவதுபோல, ஆள் + மை ஆண்மை. ஆண் + மை என்றும் பிரிக்கலாம்தான். ஆனால் தாளாண்மை, வேளாண்மை, இல்லாண்மை என்ற கூட்டுச்சொற்களை வரிசையாகப் பாருங்கள். அங்கெல்லாம் ஆளும் தன்மைதான் பேசப்படுகிறது, உடம்பு அல்ல. ‘நல்லாண்மை என்பது ஒருவற்குத் தான்பிறந்த இல்லாண்மை ஆக்கிக் கொளல்’ என்பது குறள் (1026). பிறந்த குடியைப் பொறுப்பேற்று நடத்துவதே நல்ல ஆண்மை. இன்று நிர்வாகத்துக்கு மேலாண்மை என்கிறோமே, அதுவும் இதே வேரில் கிளைத்ததுதான்.

இந்தச் சொல்லைப் பாலுறவுத் திறனுக்குள் கொண்டுபோய் அடைத்தது ‘ஆண்மைக்குறைவு’ என்ற விளம்பரச் சொல். விறைப்புக் குறைபாடு ஒன்று, விந்தணுக் குறைபாடு வேறொன்று. இரண்டையும் ஒரே பெயரில் கொட்டியதில் மருத்துவமும் தெளிவாகவில்லை, தமிழும் பிழைக்கவில்லை. உடம்பில் சாதாரணக் கோளாறு வந்த மனிதனைப் பார்த்து ‘உன் ஆண்மையே குறைவு’ என்று சொன்னால், அவன் எந்த முகத்தோடு மருத்துவரிடம் போவான்? வள்ளுவர் பேராண்மை என்ற சொல்லைப் ‘பிறன்மனை நோக்காத பேராண்மை’ என்று அடக்கத்துக்குக் கொடுத்தார் (148). படைச்செருக்கு என்ற அதிகாரத்திலும் அதே சொல் வருகிறது. அஞ்சாமை பேராண்மை, ஆனால் பகைவனுக்கே ஒரு துன்பம் வரும்போது உதவுவதுதான் அதன் கூர்மை என்கிறார் (773). அந்தச் சொல்லை நாம் லேகியப் புட்டியில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

இன்னொரு தரப்பு ‘நச்சு ஆண்மை’ என்று எழுதுகிறது. இதுவும் எனக்கு ஒப்பவில்லை. அழக்கூடாது, எதற்கும் கை ஓங்கலாம், பெண் சொன்னால் கேட்கக்கூடாது என்ற போக்கைத்தான் சுட்ட நினைக்கிறார்கள். சரி, கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் ஆண்மை தமிழில் ஒரு நற்குணத்தின் பெயர். ‘நச்சு நேர்மை’ என்று சொல்வோமா? அந்தப் போக்குக்கு மக்கள் நாவில் ‘ஆம்பளைத் திமிர்’ ஏற்கெனவே இருக்கிறது. ஆண் திமிர் என்று எழுதினால் யாருக்கும் அகராதி தேவைப்படாது. ஆணாதிக்கம் என்பது அமைப்பைக் குறிக்கும் சொல், அதை இங்கே இழுக்க வேண்டாம். ஆய்வாளர்கள் நல்லது கெட்டது பார்க்காமல் ஆணின் இயல்பைப் பொதுவாகச் சொல்ல விரும்பினால் ஆண்தன்மை போதும்.

அப்புறம், அந்தத் தலைப்புக்கு என்னதான் போடுவது? முடிச்சும் சக்கரமும் கைவேலைகள். அவற்றுக்குப் பால் அடைமொழியே வேண்டாம், பெண் கற்றாலும் அதே முடிச்சுதான். வாக்குக் காப்பது, எளியவருக்குத் துணை நிற்பது போன்ற குணங்களை ஆணோடு சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், நம்மிடம் ‘அழகு’ இருக்கிறது. ‘சொன்ன சொல் தவறாததுதான் ஆம்பளைக்கு அழகு’ என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ‘கல்விக்கு அழகு கசடற மொழிதல்’, ‘செல்வர்க்கு அழகு செழுங்கிளை தாங்குதல்’ என்று வெற்றிவேற்கை என்ற பழைய நீதிநூல் அடுக்கிக்கொண்டே போகும் அதே அழகு. ஒருவருக்குத் தகுந்த சிறப்பை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வழி வேறு எங்கே கிடைக்கும்?

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் பொருளை எடுத்துத் ‘திறன்’ என்ற வாலை ஒட்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். எழுதிய தலைப்பை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும், காது தடுத்திருக்கும். ‘ஆணுக்கு அழகு: பழக வேண்டிய கைவேலைகளும் குணங்களும்’ என்று போட்டுப் பாருங்கள். அந்தப் பையன் கூச்சமில்லாமல் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே படிப்பான்.