பேச எழும் முன் மனசு பேசுவது

வகுப்பில் பேசுவதற்கு ‘நேர்மறை சுயபேச்சு, எதிர்மறை சுயபேச்சு’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் நிறைய. பேச்சும் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும்: முடியாது என்று நினைத்தால் முடியாது, முடியும் என்று நினைத்தால் முடியும், நன்றி வணக்கம். கைதட்டலும் கிடைத்துவிடும். ஆனால் அதே மாணவர் தன் முறைக்குக் காத்திருக்கும்போது உள்ளே ஓடுவது வேறு: “நடுவுல மறந்துடும். கை நடுங்கும். கடைசி பெஞ்சுல சிரிப்பாங்க.” இந்த ஓட்டத்தை உளவியல் ஆய்வாளர்கள் பல விதமாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ‘முடியும் என்று சொல்’ என்ற அறிவுரைக்கு அந்தச் சோதனைகளில் கிடைத்த இடம், மேடையில் கிடைக்கும் இடத்தைவிடச் சின்னது.

நமக்குள் பேசும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது? சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி சொன்ன விளக்கம்தான் இன்றும் அடித்தளம். சிறு பிள்ளைகள் விளையாடும்போது யாரிடமும் இல்லாமல் வாய்விட்டுப் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஸ்விட்சர்லாந்தின் ஜான் பியாஜே அதைத் தன்மையப் பேச்சு என்றார். வயது ஏற ஏற அது உதிர்ந்துவிடும் என்று கருதினார். வைகாட்ஸ்கி, உதிரவில்லை, உள்ளே போகிறது என்றார். அவருடைய சோதனைகளில், படம் வரையும் குழந்தைக்குத் தேவையான நிறப் பென்சிலை எடுத்து ஒளித்துவைத்தால் முணுமுணுப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது. “பென்சில் எங்க? நீலப் பென்சில் வேணும். சரி பரவாயில்லை, சிவப்புலயே போட்டுத் தண்ணி தொட்டுக்கலாம், கருத்து நீலம் மாதிரி ஆயிடும்.” இது ஏதோ புலம்பல் மாதிரி தெரியும். உண்மையில் அந்தக் குழந்தை தனக்குத் தானே மேஸ்திரியாகி வேலை வாங்குகிறது. சுயபேச்சின் முதல் உத்தியோகம் இதுதான். பாராட்டும் திட்டும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

வாய்விட்டுப் பேசும்போது வேலை செய்யும் மூளைப்பகுதிகள் பல, மனசுக்குள் பேசும்போதும் இயங்குகின்றன. இடது நெற்றிப் பக்கத்தில் உள்ள புரோக்கா பகுதி அதில் முக்கியமானது. எல்லோருக்கும் இது ஒரே அளவில் நடப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் ஹர்ல்பர்ட் ஆட்களிடம் ஒரு பீப்பரைக் கொடுத்து, அது ஒலிக்கும் கணத்தில் மனசில் என்ன இருந்தது என்று குறிக்கச் சொல்கிறார். சிலருக்கு ஓயாத பேச்சு. சிலருக்கு அநேகமாகப் பேச்சே இல்லை, படங்களும் உணர்வுகளும்தான். ஆகவே வகுப்பில் ஒரு மாணவி “எனக்கு உள்ளே குரலே கேட்காது” என்றால் நம்பலாம்.

சரி, எதிர்மறைப் பேச்சு எப்படிக் கெடுக்கிறது? கேட்ட, சொல்லப் போகிற சொற்களைச் சில விநாடிகள் ஒலி வடிவில் பிடித்துவைக்கும் ஓர் இடம் நம் நினைவில் உண்டு. உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிச்சும் 1974இல் முன்வைத்த மாதிரியிலிருந்து வந்த கருத்து இது. அதன் கொள்ளளவு சுமார் இரண்டு விநாடிப் பேச்சு, அவ்வளவுதான். மேடையில் நிற்பவருக்கு அடுத்த வாக்கியம் அங்கேதான் தயாராக வேண்டும். “மறந்துடும், மறந்துடும்” என்ற ஓலமும் அதே இடத்தைக் கேட்கிறது. மறதிக்குப் பயந்தவர் மறப்பது இப்படியும் இருக்கலாம்.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் 1993இல் ஒரு சோதனை முறையை உருவாக்கினார்கள். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன் ஐந்து நிமிடம் பேச வேண்டும். அப்புறம் 1022இலிருந்து 13, 13ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். மன அழுத்த ஆய்வுகளில் இன்றும் உலகம் முழுக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆய்வகத்தில் மனிதருக்குக் கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனை ஏற்ற, பேசச் சொல்வதைப்போல நம்பகமான வழி அதிகம் இல்லை. அந்தக் கார்ட்டிசோல் மெதுவாக ஏறும், எல்லாம் முடிந்து உட்கார்ந்த பிறகுதான் உச்சம் தொடும். “சொதப்பிட்டோமே” என்ற புலம்பல் அந்த நேரத்தில் அத்தனை உண்மையாகத் தோன்றுவதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

அந்தக் குரலை அடக்கிவிடலாமே என்றால், அதுவும் சரிப்படாது. உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட சோதனையில், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்றார்கள். நினைப்பு வந்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, இப்போது நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலேயே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகமாகக் கரடி வந்தது.

இனிப்பாகப் பேசிக்கொண்டால்? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஜோன் வுட் குழு 2009இல் இதைச் சோதித்தது. ‘நான் அன்புக்குரியவர்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டதில், ஏற்கெனவே சுயமதிப்பு அதிகம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் லாபம். சுயமதிப்பு குறைந்தவர்களுக்கு மனநிலை மேலும் சரிந்தது. உள்ளே நம்பாத ஒன்றைச் சொல்லும்போது உள்ளிருந்தே மறுப்பு வருகிறது என்பது அவர்கள் விளக்கம். 2020இல் வேறு ஆய்வாளர்கள் இதைத் திரும்பச் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கெடுதல் செய்கிறதா என்பது தீராத வழக்கு. ஆனால் மந்திரம் மாதிரி எல்லோருக்கும் வேலை செய்கிறது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

நம்பக்கூடிய பொய் ஒன்று உண்டு என்றால், அது ஹார்வர்டின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் காட்டியது. பேசுவதற்குச் சற்று முன் ஒரு குழுவை ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லவைத்தார். இன்னொரு குழுவை ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று. இரண்டாவது குழுவின் பேச்சு நீளமாகவும், கேட்டவர்களை அதிகம் நம்பவைப்பதாகவும் இருந்தது. படபடக்கும் நெஞ்சை அமைதி என்று அழைத்தால் நெஞ்சே சிரிக்கும். உற்சாகத்திலும் அதே படபடப்புதான் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது.

என்னை மிகவும் ஈர்த்தது மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஈதன் கிராஸ் குழுவின் வேலை, அதுவும் 2014தான். கனவு வேலைக்கு நான் ஏன் தகுதியானவர் என்று பேச வேண்டும். தயாரிக்கச் சில நிமிடங்கள். பதற்றத்தைப் பற்றி யோசிக்கும்போது ஒரு சாரார் ‘நான் ஏன் பயப்படுகிறேன்’ என்று கேட்டுக்கொண்டார்கள். மறு சாரார் தங்கள் பெயரைச் சொல்லி, ‘கவிதா ஏன் பயப்படுகிறாள்’ என்ற பாணியில். பெயர் சொன்னவர்களின் பேச்சுக்கு நடுவர்கள் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். பேசி முடித்த பின் அவர்களுக்கு வெட்கமும் புலம்பலும் குறைவு. நண்பருக்கு யோசனை சொல்லும்போது வருகிற நிதானம், தன்னையே பெயர் சொல்லிக் கூப்பிடும்போதும் கொஞ்சம் வந்துவிடுகிறது. சங்கப் பாடல்களில் பொருள் தேடப் பிரிய நினைக்கும் தலைவன் ‘நெஞ்சே’ என்று கூப்பிட்டு அதனோடு வழக்காடுவான். ‘தலைமகன் தன் நெஞ்சிற்குச் சொல்லியது’ என்ற மாதிரி அப்பாடல்களின் கீழே குறிப்பு இருக்கும். அவனுக்கு ஆய்வகம் தேவைப்படவில்லை.

விளையாட்டு வீரர்களிடம் நடந்த ஆய்வுகள் மறுபடி நம்மை நீலப் பென்சிலுக்குக் கொண்டுவருகின்றன. 2011இல் கிரேக்க ஆய்வாளர் ஹட்ஸிஜார்ஜியாடிஸும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நுணுக்கமான வேலைகளில், என்ன செய்ய வேண்டும் என்று தனக்குச் சொல்லிக்கொள்ளும் பேச்சுக்கு, உசுப்பேற்றும் பேச்சைவிட அதிகப் பலன் இருந்தது. வகுப்புப் பேச்சுக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். ‘நான் கலக்கப்போகிறேன்’ என்பதைவிட, “கவிதா, முதல் வரியை மெதுவா சொல்லு. ஜன்னல் பக்கம் பாரு. ரெண்டாவது குறிப்புக்குப் போ” என்பது மேல். ஒத்திகையின்போதே இதைப் பழகிக்கொள்ள வேண்டும். மேடையேறும் நொடியில் புதிதாக எதுவும் தோன்றாது.

கடைசியாக ஒன்று. 2003இல் உளவியலாளர்கள் கென்னத் சவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் மாணவர்களைப் பேசவைத்தார்கள். ஒரு பகுதியினரிடம் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு பகுதியினரிடம், பதற்றம் இயல்புதான், கவலை வேண்டாம் என்றார்கள். மூன்றாவது பகுதியினரிடம் ஒரு தகவலைச் சேர்த்துச் சொன்னார்கள்: உங்கள் பதற்றம் வெளியே தெரிவதாக நீங்கள் நினைக்கும் அளவுக்கு மற்றவர்கள் கண்ணுக்கு அது தெரிவதில்லை. மூன்றில் நன்றாகப் பேசியது மூன்றாவது பகுதி. பேசியவர்களும் அப்படியே உணர்ந்தார்கள், பார்த்தவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள்.