முதல் வரியைப் படித்த பிறகு சிவப்புப் பேனாவை எடுங்கள்

கலை அறிவியல் கல்லூரிகளில் எல்லாத் துறை மாணவருக்கும் பொதுவான ஆங்கிலப் பாடமான பார்ட் டூ இங்கிலீஷ் எடுக்கும் ஆசிரியர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானது. வகுப்பில் 60 பேர். ஒரு பாராவை வரிவரியாகத் திருத்த 5 நிமிடம் என்று வைத்தாலும் மொத்தம் 300 நிமிடம், அதாவது 5 மணி நேரம். அவ்வளவும் செய்து நோட்டைத் திருப்பிக் கொடுத்தால், மாணவர் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைப்பார். அடுத்த வாரம் அதே தவறு அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

இதில் நம் பங்கும் உண்டு. பாரா என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்குள், 'எ', 'ஆன்', 'த' எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுகிறோம். தமிழில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் கட்டாயமாக வரவேண்டிய ஆர்ட்டிகிள் கிடையாது. தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு அது கடைசியாகத்தான் கைவரும். சொல்வதற்கு விஷயமே இல்லாத பாராவில் அதைத் திருத்தி என்ன ஆகப்போகிறது?

'மை வில்லேஜ்' என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். "மை வில்லேஜ் இஸ் வெரி பியூட்டிஃபுல். தேர் இஸ் எ டெம்பிள். பீப்பிள் ஆர் வெரி குட். மை வில்லேஜ் மெயின் ஒர்க் இஸ் அக்ரிகல்ச்சர். ஐ லவ் மை வில்லேஜ்." ஐந்து வாக்கியத்தில் நான்கு இலக்கணப்படி சரி. ஆனால் இதை எந்த ஊருக்கும் ஒட்டிவிடலாம். கோயிலும் நல்ல மனிதர்களும் விவசாயமும் ஒன்றோடொன்று பேசாமல் வரிசையில் நிற்கின்றன. தலைப்பு ஒரு பொருளைத்தான் கொடுக்கிறது. பாராவுக்குத் தேவை அந்தப் பொருளைப் பற்றிய ஒரு கருத்து, கேட்பவர் "அப்படியா, எப்படிச் சொல்றே?" என்று திருப்பிக் கேட்கக்கூடிய கருத்து.

அதை வரவழைக்கத் தமிழிலேயே கேளுங்கள்: "உங்க ஊர்ல எது ஒன்னு நின்னுபோனா எல்லாம் நின்னுபோகும்?" யாராவது டவுன் பஸ் என்பார்கள். "எவ்ரிதிங் இன் மை வில்லேஜ் டிபெண்ட்ஸ் ஆன் த டவுன் பஸ்." இந்த ஒரு வரி பலகையில் ஏறியதும், மற்ற வரிகள் எதைப் பற்றி இருக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். கடைசி பஸ் 7.30க்கு என்றால் ஸ்பெஷல் கிளாஸில் உட்கார முடியாது. பூ பறிப்பவர்கள் முதல் பஸ்ஸை விட்டால், சந்தைக்குப் போய்ச் சேரும்போது விலை இறங்கியிருக்கும். பஸ் வராத நாளில் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வருவதும் சந்தேகம். கோயிலுக்கு இங்கே இடமில்லை. அதை வெட்ட மாணவருக்கு மனசு வராது. "பஸ்ஸுக்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று மட்டும் கேளுங்கள்; பெரும்பாலும் அவரே அடித்துவிடுவார். திருவிழாவுக்கு ஸ்பெஷல் பஸ் விடுவார்கள் என்று சொல்லிக் கோயிலை உள்ளே கொண்டுவருகிற ஒருவரும் இருப்பார். விட்டுவிடுங்கள், அவருக்குப் பாரா பிடிபட்டுவிட்டது.

இதை ஒரு மணி நேர வகுப்புக்குள் முடிக்கலாம். முதல் 10 நிமிடம் மனதில் தோன்றுவதைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ குறிப்பாக எழுதட்டும், ஆனால் ஒற்றைச் சொற்களாக மட்டும். முழு வாக்கியமாகத் தமிழில் எழுதவிட்டால் அடுத்து நடப்பது சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்புதான். அடுத்த 10 நிமிடத்தில் மூன்று குறிப்பைத் தேர்ந்தெடுத்து, அவற்றைக் கட்டும் முதல் வாக்கியத்தை எழுத வேண்டும். பிறகு 20 நிமிடம் பாரா: ஆறிலிருந்து எட்டு வாக்கியம், 100 முதல் 120 சொல். மீதி நேரத்தில் நோட்டைப் பக்கத்து நண்பரிடம் கொடுத்து, முதல் வரியை மட்டும் கையால் மறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் மற்றதைப் படித்து, முதல் வரி என்னவாக இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். ஊகம் பக்கத்தில்கூட வரவில்லை என்றால், பாரா வேறு எங்கோ போய்விட்டது என்று அர்த்தம்.

ஆசிரியருக்கு மிஞ்சும் வேலை 60 நோட்டிலும் முதல் வரியை மட்டும் படிப்பது. ஒன்றுக்கு 20 விநாடி, மொத்தம் 20 நிமிடம். முழுதாக வாரம் 15 நோட்டு பாருங்கள். நான்கு வாரத்தில் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

அப்படியானால் இலக்கணம்? எழுத்து வகுப்பில் இலக்கணத் திருத்தமே வீண், கைவிடுங்கள் என்று இரண்டாம் மொழி எழுத்து ஆய்வாளர் ஜான் ட்ரஸ்காட் 1996-ல் எழுதினார். அந்த முடிவு அவசரம் என்றும், தேர்ந்தெடுத்துத் தெளிவாகத் திருத்தினால் பலருக்குப் பயன்படும் என்றும் அதே துறையின் டேனா ஃபெரிஸ் 1999-ல் மறுத்தார். சண்டை அதோடு முடியவில்லை. 60 பேர் வகுப்புக்கு ஃபெரிஸ் பக்கம்தான் கைகொடுக்கும்: ஒரு வாரத்துக்கு ஒரே வகைத் தவறு, மற்றவற்றைக் கண்டும் காணாமல் விடுவது.

தொடங்க வேண்டிய தவறு எது என்பதில் சந்தேகமே வேண்டாம். "காலையில் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வந்தேன்." இதில் முற்றுவினை ஒன்றுதான், மற்றதெல்லாம் வினையெச்சம். மாணவர் இந்தச் சங்கிலியை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ஒவ்வொரு எச்சமும் முற்றாக மாறி, நடுவில் கமா மட்டும் மிஞ்சும்: "ஐ வோக் அப், ஐ டுக் பாத், ஐ ஏட், ஐ காட் த பஸ், ஐ கேம் டு காலேஜ்." ஓரத்தில் 'ரன்-ஆன்' (புள்ளி வைக்காமல் ஓடும் வாக்கியம்) என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. எச்சம், முற்று என்ற சொற்களைப் பள்ளியிலேயே படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஆங்கில வகுப்பில் அவற்றைச் சொல்ல நமக்கு எதற்குக் கூச்சம்? முற்றுவினைகளை அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஒரு வாக்கியத்தில் மூன்றாவது கோடு விழுந்தால், அதற்கு முன்னால் முற்றுப்புள்ளி வைக்க இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு. 'வந்தேன்' என்பதற்குள்ளேயே 'நான்' இருப்பதால், ஆங்கிலத்தில் எழுவாய் காணாமல் போகும்: "இஸ் வெரி யூஸ்ஃபுல் ஃபார் ஸ்டூடண்ட்ஸ்." தமிழில் 'ஏனென்றால்' என்று தனி வாக்கியம் தொடங்கலாம் என்பதால், "பிகாஸ் த பஸ் டிட் நாட் கம்" என்று எழுதி அங்கேயே புள்ளி வைத்துவிடுவார்கள். முன் வாக்கியத்தோடு சேர்த்துப் படித்துக் காட்டினால் போதும்.

பாரா கைவந்த பிறகே கட்டுரைக்குப் போக வேண்டும். குறைந்தது ஆறு வாரம் பாராவிலேயே இருக்கலாம். பாராவை இழுத்து நீட்டினால் கட்டுரை ஆகாது. டவுன் பஸ் பாராவில் ஒரு வரியாக இருந்த ஸ்பெஷல் கிளாஸ், சந்தை, பள்ளிக்கூடம் ஒவ்வொன்றும் இப்போது தனிப் பாரா, தனி முதல் வரி. முன்னும் பின்னும் ஒவ்வொரு பாரா சேர்ந்தால் 350, 400 சொல் வந்துவிடும். நடுவில் உள்ள மூன்றையும் முதலில் எழுதட்டும், முன்னுரை கடைசியில். முன்னுரையில் தொடங்கினால் "இன் திஸ் மாடர்ன் வேர்ல்ட்" என்று கைடு வாசனை அடிக்கும். 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்' பட்டியலையும் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் சம்பந்தம் இல்லாத இரண்டு வாக்கியத்துக்கு நடுவே அவற்றைச் செருகிவிடுவார்கள். முதலில் 'பட்', 'ஸோ', 'ஃபார் எக்ஸாம்பிள்' மூன்றும் சரியான இடத்தில் வரட்டும்.

மனப்பாடக் கட்டுரைக்கு செமஸ்டர் தேர்வில் மார்க் விழத்தான் செய்கிறது, அது நம் கையில் இல்லை. இன்டர்னல் நம் கையில் இருக்கிறது. 10 மார்க் அசைன்மென்ட்டை வீட்டுக்குக் கொடுத்தால் செல்போன் எழுதிக் கொடுத்துவிடும். வகுப்பிலேயே, கையெழுத்தில் எழுதட்டும். நோட்டில் இடப்பக்கம் முதலில் எழுதியது, அதற்கு 4 மார்க். வலப்பக்கம் திருத்தி எழுதியது, அதற்கு 6.