பொம்பளை யானைதானே என்று பக்கத்தில் போகாதீர்கள்

போன வாரம் ஒரு கோயிலின் யானைக்கொட்டிலில் நகவெடிப்புக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒருவர் தன் இரண்டு வயதுக் குழந்தையை யானையின் வயிற்றுக்கடியில் நுழைத்து, அந்தப் பக்கம் நின்ற மனைவியிடம் கொடுக்கப் பார்த்தார். பயம் போகுமாம். யானை பின்காலை உதறியது. பாகன் பாய்ந்து குழந்தையை இழுத்ததில், சங்கிலியில் சிக்கி அவருடைய மணிக்கட்டு முறிந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அப்பா கேட்டார்: "பொம்பளை யானைதானே சார், மதம் பிடிக்காதே?"

இதே கேள்வியை இந்த ஒரு வருஷத்தில் நான்கு கோயில்களில் கேட்டுவிட்டேன்.

மதம் ஆண் யானைக்கு வருவது. சரி. நம் கோயில்களில் இருப்பவை பெரும்பாலும் பெண் யானைகள். அதுவும் சரி. ஆனால் யானைக்குக் கோபம் வர மதம்தான் பிடிக்க வேண்டுமா? கால் வலிக்கும்போது வரும். கல்தரை சுடும்போது, தூக்கம் கெடும்போது, வெடிச்சத்தம் கேட்கும்போது வரும். 2024 நவம்பரில் திருச்செந்தூரில் பாகனும் அவர் உறவினரும் இறந்தார்களே, அந்தத் தெய்வானையும் பெண் யானைதான். இன்னொன்று, கோபமே வேண்டாம். ஈ கடித்துக் காலை உதறினாலே நம் விலா எலும்பு தாங்காது. பழகிய யானை என்றால் பாகனுக்குப் பழகியது. உங்களுக்கு அல்ல.

இடைவிடாமல் தலையாட்டி நிற்பதை 'டான்ஸ்' என்று வீடியோ எடுக்கிறார்கள். அது சந்தோஷம் இல்லை அய்யா, ஒரே இடத்தில் கட்டிக் கிடக்கிற யானையின் மனச்சோர்வு.

பாகன் கூப்பிட்டால் மட்டும், அவர் நிற்கிற பக்கமாகப் போங்கள். பின்பக்கமும் வயிற்றுக்கடியும் வேண்டவே வேண்டாம். வீசிக்கொண்டிருந்த காது சட்டென்று நின்றால் விலகிவிடுங்கள். வால்முடி கேட்டுப் பாகனை நச்சரிக்காதீர்கள். நாள்பட்ட இருமல் இருப்பவர்கள் தூரத்தில் நின்றே கும்பிடுங்கள், காசநோய் மனிதரிடமிருந்து யானைக்குத் தொற்றும். அப்புறம் இந்த வெல்லமும் வாழைப்பழமும். ஒரு நாளைக்கு நூறு பேர் ஆளுக்கு இரண்டு பழம் நீட்டினால் உடம்பு ஏறாமல் என்ன செய்யும்? அந்த எடையைச் சுமக்கிற பாதத்துக்குத்தான் நான் மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒரு கட்டுப் பசும்புல் வாங்கிப் பாகன் கையில் கொடுங்கள்.

"தள்ளி நில்லுங்க" என்று அவர் கத்தினால், தயவுசெய்து அலுவலகத்தில் புகார் எழுதாதீர்கள். அந்தப் பாகன் மாவுக்கட்டோடு மறுநாள் காலையே கொட்டிலில் நின்றார். வேறு ஆள் தழை போட்டால் அவள் தொடவில்லையாம்.